முயலுக்குப் போட்ட வாய்க்கூடு

முயல் தன் புழுக்கையைத் தானே தின்னும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னாரிலிருந்து எங்கள் ஊர் அடம்பன் வரை அந்த முயல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்க மாட்டேன்.

போர் முடிந்து மீள்குடியேறிய புதிதில் ஏதோவொரு வாழ்வாதாரத் திட்டத்தில் வெள்ளை முயல்கள் கொடுத்தார்கள். வளர்க்கத் தெரியாதவர்கள் தெருவில் விட்டார்கள். அடிபட்ட கழுதைகளுக்கு மருந்து கட்டும் இடமொன்று மன்னாரில் இருந்தது. அவர்கள் அந்த முயல்களையும் பொறுக்கி வைத்து, வளர்க்க ஆள் தேடினார்கள். என் மனைவி, இடம்பெயர்ந்தபோது தன் ஆடுகளை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தவள். இனி ஓர் உயிரும் வளர்ப்பதில்லை என்றிருந்தவள், "ரெண்டைக் கேட்டுப் பாப்பமே" என்றாள்.

அங்கே பொறுப்பாக இருந்த பெண் என்னைக் குறுக்கு விசாரணை செய்தாள். நிழல் இருக்கிறதா, கூரை ஒழுகுமா, தரை காய்ந்திருக்குமா? முகாமில் கிடந்தபோது எங்களைப் பற்றி இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"ஒரு மாசத்தில வந்து பாப்பன் ஐயா. மெலிஞ்சிருந்தாத் திருப்பிக் கொண்டுபோயிடுவன்."

ஓம் என்றேன். மாடு வளர்த்தவனுக்கு முயல் என்ன பெரிய காரியமா?

சில நாளில், விடியற்காலையில், பல் விளக்கிக்கொண்டு நின்றபோது கண்டேன். முயல் தலையைப் பின்னங்கால்களுக்கிடையில் நுழைத்து, குட்டித் திராட்சைக் குலை போல் ஈரமாய்ப் பளபளத்த ஒன்றைக் கவ்வி எடுத்தது. நாற்றம் என் மூக்குவரை வந்தது. அது கண்ணை மூடிக்கொண்டு, கோயில் பொங்கல் சாப்பிடுவது போல மென்றது. முகாம் மலசலகூடத்து ஈக்களோடு குடித்தனம் நடத்திய ஆள் நான். ஆனாலும் அன்று எனக்குப் புட்டு இறங்கவில்லை.

மண் தின்னும் கன்றுக்கு நாங்கள் வாய்க்கூடு போடுவோம். முயலுக்கு மட்டும் என்ன விலக்கு? வெங்காயப் பையின் வலையை வெட்டி இரண்டு வாய்க்கூடு பின்னினேன். பொழுதுபட்டதும் கட்டுவது, வெயில் ஏறியதும் அவிழ்ப்பது.

"முயலுக்கு வாய்க்கூடு போட்ட மனுசரை நான் கேள்விப்படேல்லை" என்றாள் மனைவி.

"நீர் கேள்விப்படாதது கனக்க இருக்கு."

தின்னாதது எங்கே போகும்? களிபோல் முயல் கூட்டுத் தரையில் அப்பிக் கிடந்தது. முயல்களின் பின்புற மயிரில் ஒட்டிக் காய்ந்தது. உடுத்திருந்த சாரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, டெட்டோல் தண்ணீரில் ஒவ்வொரு குண்டியாகக் கழுவினேன். பீ தின்பதைத் தடுக்கப் போனவன் பீ கழுவுகிறவன் ஆனேன். அந்த வீச்சம் சோற்றிலும் மணத்தது.

முயல்கள் மெலிந்தன. மனைவி அவற்றின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். "கொண்டு போயிடப் போறா" என்றாள்.

சொன்னபடி அந்தப் பெண் வந்தாள். வலை வாய்க்கூட்டைத் தூக்கிப் பிடித்து, "இதென்ன ஐயா?" என்றாள். பெருமையாக விளக்கினேன்.

அவள் நெற்றியில் கை வைத்தாள். "அது புழுக்கையில்லை, ஐயா. ஒருக்காத் திண்டதில இருக்கிற சத்தை ரெண்டாந்தரம் திண்டுதான் எடுக்கும். இரவில திங்கிற புல்லையும் சேர்த்தெல்லோ மறிச்சு வச்சிருக்கிறியள். மாடு அசைபோட்டா உங்களுக்கு அருவருக்குதோ?"

"மாட்டுக்கு வாயாலயெல்லோ வருது, பிள்ளை."

யாரும் சிரிக்கவில்லை. அவள் தான் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தாள். மனைவி இரண்டு முயல்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"தங்கச்சி, ரெண்டு கிழமை தாங்கோ. நான் ஒருக்கா விட்டிட்டு வந்தனான், இனி ஏலாது. வேணுமெண்டா அந்த வாய்க்கூட்டை இவருக்குப் போட்டு விடுறன்."

அந்தப் பெண் யோசித்தாள். "சரி. ஆனா விடியக்காலமை பக்கத்தில இருந்து, அது திண்டுதா எண்டு பாத்துச் சொல்லவேணும். ஐயாதான் பாக்கவேணும்."

அடுத்த நாள் விடிய, கூட்டின் முன் குந்தியிருந்தேன். மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள். இரண்டும் குனிந்தன. மூக்கைப் பொத்திக்கொண்டேன். கண்ணை மூடத்தான் வழியில்லை. இரண்டாவது முயல் மென்று விழுங்கும்வரை பார்த்துவிட்டு, "ரெண்டும் திண்டிட்டுதுகள்" என்றேன். பிறகு வாந்தியெடுக்க வேலிப் பக்கம் ஓடினேன்.