கீழ்முனைப் பேரிங்

பம்பு ரிப்பேர் கடை வைத்திருந்த அக்காவுக்கு ஊர் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி. குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவாள் என்பார்கள், அதையும் யாரும் பார்த்ததில்லை. நூறு வாஷர் உள்ள பொட்டலம் வாங்கினால் கடை வாசலிலேயே உட்கார்ந்து எண்ணுவாள். டாக்டர் எழுதிய மருந்தை இன்னொரு டாக்டரிடம் காட்டுவாள். அவரும் சரி என்று சொல்லிவிட்டால், இரண்டு பேரும் கூட்டு என்பாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நமக்குப் பழமொழி. அவள் போட்ட பிறகு ஆற்றையும் அளந்து பார்க்கிற ரகம்.

அதற்கு நியாயமும் இருந்தது. அப்பா இறந்த வருடம் அவளுக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்கு ஆறு. அனுதாபத்தோடு வந்த சொந்தக்காரர்கள் போகும்போது கடையிலிருந்த மோட்டார்களையும் அனுதாபத்தோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குத் திறந்த கண் பிறகு மூடவே இல்லை. அந்தக் கண்ணை வைத்துத்தான் தங்கையைப் படிக்கவைத்து நர்ஸ் ஆக்கினாள்.

தங்கைக்கு வேலை ஏரிக்கு அக்கரையில் இருந்த ஆஸ்பத்திரியில். பெயர்தான் ஏரி. முழங்கால் அளவு தண்ணீர், அதற்குக் கீழே அதே அளவு சேறு, நடுநடுவே கோரை. சாதாரணப் படகு மோட்டார் பத்தடி போவதற்குள் சிக்கிக்கொள்ளும். அதனால் அக்கா தானே ஒன்று கட்ட ஆரம்பித்தாள். பழைய பம்பு எஞ்சின், அதிலிருந்து பின்னால் நீளும் எட்டடிக் குழாய், குழாய்க்குள் சுழலும் தண்டு, தண்டின் நுனியில் தண்ணீரைத் தள்ளும் விசிறி. சிக்கினால் குழாயையே மேலே தூக்கிவிடலாம். எல்லாம் தயார், தண்டைத் தாங்கும் பேரிங் மட்டும் பாக்கி. மேல்முனை எஞ்சின் பக்கம், காய்ந்த இடம், அங்கே கவலையில்லை. கீழ்முனை சேற்றிலேயே கிடக்கும். அங்கே பேரிங் இறுகினால் தங்கை நடு ஏரியில் நிற்பாள்.

ஊரில் பேரிங் கடை ஒன்றுதான். அந்தக் கடைக்காரன்தான் தங்கையைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தான். தங்கைக்கும் சம்மதம். "ஆனா நீ சரின்னு சொல்லாம நான் கழுத்தை நீட்ட மாட்டேன்," என்று அக்காவிடம் சொல்லிவிட்டாள். மூன்று மாதமாக அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சல்லடை போட்டுச் சலித்தும் ஆளிடம் ஒரு குறை கிடைக்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய குறையாகப் பட்டது. குறை தெரியாத மனுஷன் எதையோ மறைக்கிறான்.

பேரிங் வாங்குகிற சாக்கில் ஆளை உரசிப் பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

"தங்கச்சி படகு மோட்டார், சேத்துல ஓடும். கீழ்முனைக்கு என்ன போடலாம்?"

"சேறு நைசா இருக்குமா அக்கா, மணல் கலந்ததா? தினம் எவ்வளவு நேரம் ஓடும்?"

இத்தனை கேள்வி எதற்கு? விஷயம் தெரிந்தவன் பதில் சொல்வான், தெரியாதவன்தான் கேள்வி கேட்பான் என்று நினைத்துக்கொண்டாள். பம்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைத் தான் குடைகிற குடைச்சல் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

"பேரிங்குக்குப் பதிலா வெண்கல புஷ் போடலாமே," என்று தூண்டில் போட்டாள்.

"நல்லதுதான், திடீர்னு இறுகாது. ஆனா தினமும் கிரீஸ் வைக்கணும். காலையில ஓடுற ஓட்டத்துல உங்க தங்கச்சி மறந்துடுவாங்க. ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்ட பால் பேரிங் போட்டுடுங்க. கிரீஸ் உள்ளயே இருக்கு. மூடியை மட்டும் தொடாதீங்க."

தங்கை காலையில் ஓடுவது இவனுக்கு எப்படித் தெரியும்? மூடியைத் தொட்டால் இவனுக்கு என்ன வந்தது? வீடு வந்து சேரும்வரை இந்த இரண்டும்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தன.

பெட்டிமேல் அச்சடித்த எழுத்து சரி. வளையத்தில் நம்பர் சரி. காதோரம் வைத்துச் சுழற்றினாள், ஒரு கரகரப்பும் இல்லை. போலி பேரிங்கில் கிரீஸைச் சும்மா தடவி ஏமாற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். கத்தியை எடுத்தாள். நுனி உடைந்து பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்த கத்தி, கடையில் எல்லா வேலைக்கும் அதுதான். ஒரு பக்கத்து மூடியை ஓரத்தில் நெம்பித் தூக்கினாள். உள்ளே கிரீஸ் சுத்தமாக, அளவாக இருந்தது. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி உட்காரவைத்து, பேரிங்கைக் குழாய்க்குள் தட்டி இறக்கினாள்.

பதினெட்டு நாள் மோட்டார் நன்றாக ஓடியது. பத்தொன்பதாம் நாள் காலையில் நடு ஏரியில் கிறீச்சென்று கத்தி நின்றுவிட்டது. தங்கை சீருடையோடு சேற்றில் இறங்கி, படகைத் தள்ளித் தள்ளிக் கரை சேர மத்தியானமாகிவிட்டது. ஒரு செருப்பை ஏரி வைத்துக்கொண்டது.

அக்கா பதறிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும், உள்ளதைச் சொன்னால், மனசுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. மூன்று மாதமாகத் தேடிய குறை கிடைத்துவிட்டது.

"ஒரு பேரிங்கை ஒழுங்கா குடுக்கத் தெரியாதவன் உன்னை எப்படிக் காப்பாத்துவான்? வா, அவன் கடையிலேயே வச்சுக் கேட்டுடலாம்."

தங்கை வேறு செருப்பு போட்டுக்கொண்டு கூட வந்தாள். வழியெல்லாம் தரையைப் பார்த்தே நடந்தாள்.

கழற்றிய பேரிங்கை அக்கா மேசைமேல் டொக்கென்று வைத்தாள். அவன் அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தான். ஒரு பக்கம் பார்த்தான். திருப்பி மறுபக்கத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். பிறகு அந்தப் பக்கத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்தான்.

"என் தப்புதான் அக்கா. சிலதுல மூடி சரியா உக்காராம வந்துடும். நான் பாத்துக் குடுத்திருக்கணும். வேற தரேன்."

தங்கையின் கண் நிறைந்துவிட்டது. அக்கா ஜெயித்துவிட்டாள். அத்தோடு அவள் கிளம்பியிருக்கலாம். பழகிய கண் சும்மா இருக்குமா? எந்தக் கடைக்காரன் இவ்வளவு சீக்கிரம் தப்பை ஒப்புக்கொள்வான்? இவன் பொய் சொல்கிறான். எதற்குக் கவிழ்த்து வைத்தான்?

பேரிங்கை எடுத்துத் திருப்பி, பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். மூடியின் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னப் பள்ளம். அந்த இடத்தில் ரப்பர் நிமிர்ந்து நின்றது. சேறு அந்த வழியாகத்தான் உள்ளே போயிருந்தது. மூடியை நெம்பிப் பார்ப்பது பம்பு பேரிங்கில் எத்தனையோ முறை செய்த வேலைதான், ஆனால் பம்பு காய்ந்த இடத்தில் ஓடுவது.

அவன் பொய் சொன்னது உண்மைதான். அவன் மறைத்தது அவளுடைய தப்பை.

தங்கைக்கு இது தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் இந்தக் கல்யாணப் பேச்சு இன்றோடு முடியும், தங்கை தன்னோடேயே இருப்பாள். அந்த நினைப்பு எழுந்ததும் அக்காவுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. இத்தனை நாள் தேடியது அவன் குறையையா, தங்கையை அனுப்பாமல் இருக்க ஒரு காரணத்தையா?

கழுத்துக் கயிற்றைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தாள். "நீயே பாரு."

தங்கை பார்த்தாள். "இது நம்ம கடைக் கத்தித் தடம், அக்கா."

"ஆமா." அவன் பக்கம் திரும்பினாள். "ஏன் சொல்லல?"

"தொடாதீங்கன்னு போயும் போயும் உங்ககிட்ட சொன்னேனே, அது என் தப்புதானே," என்றான்.

தங்கை அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"வேற ஒண்ணு எடுங்க, மாப்பிள்ளை."

அலமாரியில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். தங்கை அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் புதுப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினான். அக்கா வாங்கிக்கொண்டாள். அவள் கட்டைவிரல் தானாகப் பெட்டியின் ஓரத்துக்குப் போனது. சட்டென்று அதைத் தங்கையின் கையில் திணித்தாள்.

"இதை நீயே வச்சுக்க. என் கையில இருந்தா திறந்துடுவேன்."