தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

சவிரிமுத்து கதை சொல்லத் தொடங்கினால் மொன்றியலின் சென்ட் லோரன்டில் ஓடுகிற பஸ்கூட ஓரமாக நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். மன்னாரில் அவர் பிடித்த சுறா, கோயில் மணி கேட்டதும் படகிலேயே முழந்தாளிட்டதாம். மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற மனிதர். பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கிற நேரம் மட்டும் அவர் ராசா.

அவருக்கும் மனைவி அஞ்சலீனாவுக்கும் பதினாறு வருடமாகப் பிள்ளை இல்லை. 2004 இல், மன்னார்ப் பக்கத்துக் கன்னியர் மடமொன்றிலிருந்து நாலு வயது றொஷினியைத் தத்தெடுத்துக் கொண்டுவந்தார்கள். வந்த முதல் ஞாயிறே மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். பிள்ளையை ஒருவர் மடியிலிருந்து இன்னொருவர் மடிக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

"எங்காலயடா பிடிச்சனி இவ்வளவு வடிவான பிள்ளையை?" என்று செல்வமலர் அக்கா கேட்டார்.

"தவிட்டுக்கு வாங்கினது அக்கா. சிஸ்டரவைக்கு அரை மூட்டை குடுத்தனான். குழப்படி செய்தால் பிள்ளையைத் திருப்பிக் குடுத்திட்டுத் தவிட்டை வாங்கலாம் எண்டு கதை."

மண்டபம் சிரித்தது. அங்கே நின்ற எல்லோருமே சின்ன வயதில் தவிட்டுக்கு வாங்கப்பட்டவர்கள்தான். கேட்டு இரண்டு நிமிடம் அழுதுவிட்டு அம்மாவின் மடியில் போய் விழுந்திருப்பார்கள். றொஷினி அழவில்லை. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத் தானும் பல்லைக் காட்டினாள்.

அதன்பிறகு அவளைப் போல ஒரு பிள்ளை மொன்றியலில் இல்லை என்று ஊரே சொன்னது. சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுவாள். போர்வையை மடித்து வைப்பாள். பசி என்று ஒருநாளும் கேட்கமாட்டாள். சவிரிமுத்துவுக்குப் பெருமை தலைக்கேறியது. பகலில் அவளைப் பார்க்கிற கார்டெரியில், "இந்தப் பிள்ளை அழுவதே இல்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று ஆசிரியை சொன்னதையும் அவர் பகிடியாக்கினார்.

"அழுதாலும் குற்றம், அழாட்டாலும் குற்றமோ?"

"சப்பாத்தோடதான் படுக்கிறாள், கவனிச்சனீங்களோ?" என்றாள் அஞ்சலீனா. "கழட்டப் போனால் காலை இழுக்கிறாள்."

"குளிராக்கும். விடு."

தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அவருடைய தேத்தண்ணிக் கோப்பை அவள் கைதவறி விழுந்து உடைந்தது. அவர் துடைப்பம் எடுத்துக்கொண்டு வந்தபோது பிள்ளை குசினியில் இல்லை. வாசலில் நின்றாள். குளிர்ச்சட்டையைப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தாள். மடத்திலிருந்து கொண்டுவந்த சின்னப் பை தோளில் கிடந்தது.

"எங்கையம்மா வெளிக்கிட்டனி?"

"பப்பா, தவிட்டை மாடு திண்டிருக்கும்." அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சிஸ்டரவையிட்ட ரெண்டு மாடு நிக்குது. உங்களுக்குத் திருப்பித் தர இராது."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபோது துடைப்பத்தோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். ஐந்து மாதமாக இந்தப் பிள்ளை அந்த இரண்டு மாடுகளை நம்பித்தான் இந்த வீட்டில் இருந்திருக்கிறது.

"அது பொய்யம்மா. பப்பா பகிடிக்குச் சொன்னது."

"சுறா?"

"அதுவும் பொய்."

அவள் யோசித்தாள். "நீங்கள் என்ரை பப்பா எண்டது?"

அஞ்சலீனா வந்து பிள்ளையை அள்ளிக்கொண்டாள். சவிரிமுத்து "அது உண்மை, அது உண்மை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊரையே நம்பவைத்த வாயால் நாலு வயதுப் பிள்ளையை நம்பவைக்க முடியவில்லை.

அன்றோடு கதை சொல்வதை விட்டார். நாலே காலுக்கு வருவேன் என்றால் நாலே காலுக்கு வந்தார். ஒருநாள் பனிப்புயலில் பஸ் நின்றுவிட, சொன்ன நேரத்துக்காக முழங்கால் பனியில் ஓடி வந்து, இரண்டு கால்விரல்கள் விறைத்துப்போய்க் கிடந்தார். அதைக்கூட ஒருவருக்கும் கதையாகச் சொல்லவில்லை. அடுத்த மாரிக்குத்தான் சப்பாத்து கட்டிலிலிருந்து கட்டிலுக்குக் கீழே இறங்கியது. அதற்கடுத்த வருடம் வாசலுக்குப் போனது.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. பிரெஞ்சில் வாயடிப்பாள், அழுவாள், கதவை அடித்துச் சாத்துவாள். அந்தச் சத்தம் கேட்டால் அவருக்கு நிம்மதி. ஆனால் ஒரு கதை சொல்லுங்கோ என்று அவள் இன்றுவரை கேட்டதில்லை.

"என்ன சவிரி, அந்தச் சுறாவை ஒருக்கா எடுத்து விடன்" என்று செல்வமலர் அக்கா போன ஞாயிறும் கேட்டார்.

"செத்துப்போச்சக்கா" என்றார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். வாசல் விரிப்பில் அவருடையதும் அஞ்சலீனாவுடையதும் கழற்றிய வாக்கில் உள்ளே பார்த்துக்கொண்டு கிடந்தன. றொஷினி தன்னுடையதைக் குனிந்து எடுத்து, வழக்கம்போல, நுனி கதவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். அதை மாற்றி வைக்க அவர் குனிந்தார். தொடாமலே நிமிர்ந்தார்.