மச்சானுக்குத் தைத்த கோட்டு

எங்கள் தையல் கடையில் துணி வெட்டுபவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மனைவி வீட்டில் மட்டும் அவருக்குப் பெயர் மூட்டை. வைத்தவர் மனைவியின் அண்ணன்; எங்கள் கடைக்கு அடுத்த தெருவில் ஜிம் நடத்துகிறவர். கல்யாணமான புதிதில் மாஸ்டர் உட்கார்ந்ததும் பிரம்பு நாற்காலி முனகியிருக்கிறது. "மூட்டை இறங்கிடுச்சு" என்றாராம் மச்சான். அதோடு ஒட்டிக்கொண்டது. மாமியாரே ஒருநாள், மூட்டை சாப்பிட்டாச்சா என்று மகளிடம் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் அதே கடையில் கோட்டு தைப்பவன். வெட்டும் மேசையை ஒட்டி என் மெஷின். ஆகவே இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அவர் வாயால் கேட்டது.

மாஸ்டர் சண்டை போடுகிற ஆள் இல்லை. ஆனால் மறக்கிற ஆளும் இல்லை. இவன் ஜிம்முக்கே போய், இவன் கண் முன்னாலேயே இளைத்துக் காட்டுகிறேன் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சொன்னபடி சேர்ந்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, பாதி உடம்பாகக் கரைந்தார். தன் பேண்ட்டைத் தானே பிரித்துப் பிரித்துச் சுருக்கித் தைத்து, கடைசியில் பின்பக்கத்து இரண்டு பாக்கெட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. நெடுநாள் கழித்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் அவரிடமே, "மாஸ்டர் இன்னைக்கு லீவா?" என்று கேட்டார். அன்றைக்கு மாஸ்டர் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. உடம்பு மொத்தமும் பருத்திருந்தவரை எது மார்பு, எது வயிறு என்று யாருக்கும் தெரியவில்லை. வயிறு உள்ளே போன பிறகு மார்பு மட்டும் தனியாக நின்றது. தோல் தொய்ந்து, காம்புக்கு அடியில் வட்டமாக ஏதோ ஒன்று கெட்டியாக, பெண்களுக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும். ஊரில் பாதி ஆண்களின் மார்பை டேப் வைத்து அளந்தவர் அவர். தன்னுடையது என்ன வடிவம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இறுக்கமான பனியன், மேலே சட்டை, அதற்கும் மேலே ஒரு வெயிஸ்ட் கோட்டு என்று கொளுத்துகிற வெயிலிலும் போட்டுக்கொண்டு வந்தார். கடைக்கு இதுதான் விளம்பரம் என்றார். நாங்களும் நம்பினோம். முதுகு முழுக்க நனைந்திருக்கும்.

ஜிம் நிறைந்திருந்த ஒரு மாலை, இளைத்தவரின் படத்தைச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார் மச்சான். பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். சட்டையைக் கழற்றச் சொன்னார். மாஸ்டர் மறுத்தார். அங்கே பயிற்சி கொடுக்கிற இருவர் தாஜா செய்தார்கள். உண்மையைச் சொன்னால், அவருக்குள்ளும் ஒரு சின்ன ஆசை இருந்திருக்கிறது. இவ்வளவு பாடுபட்டிருக்கிறோமே, யாராவது ஒருவர் பலே என்று சொல்ல மாட்டார்களா என்று. கழற்றினார்.

எல்லோர் கண்ணும் அவர் மார்பில் போய் நின்றது. மச்சான்தான் ஆரம்பித்தார்.

"மூட்டையை இறக்கிட்டீங்க, சரி. இந்த சிஸ்டர் யாரு மாப்பிள்ளை, புதுசா சேர்ந்திருக்காங்களா?"

ஜிம்மே அதிர்ந்தது. எடையைத் தூக்கிக்கொண்டிருந்தவன் அதைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். எல்லோரோடும் சேர்ந்து மாஸ்டரும் சிரித்தார். பிறகு அவரைத் தூங்கவிடாமல் அரித்தது அந்தச் சிரிப்புதான், மற்றவர்கள் சிரித்தது அல்ல. இதற்கிடையில் எடுத்த படம் அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் ஜிம்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. முன்பு மூட்டை, இப்போது சிஸ்டர் என்று கீழே எழுதியிருந்தது. அங்கிருந்து குடும்பத்தின் குழுவுக்கும் வந்தது. மனைவியின் சித்தி கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பியிருந்தாள்.

அதோடும் மச்சான் விடவில்லை. புஷ்-அப் எடுங்க, ரெண்டு மாசத்துல போயிடும் என்று உபதேசம் வேறு. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தார். மார்பு போகவில்லை, இன்னும் முன்னால் வந்தது.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனது அவர் மனைவி. புருஷன் பனியனோடு குளிப்பதையும் பனியனோடு படுப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தவள். பல் வலித்தால் போகிறோம், காது வலித்தால் போகிறோம், இதற்கு மட்டும் என்ன வெட்கம் என்று கேட்டிருக்கிறாள். டாக்டர் அழுத்திப் பார்த்தார், சாப்பிடும் மருந்துகளை விசாரித்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். மறுமுறை போனபோது சொன்னார்.

"கொழுப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. இப்ப மிச்சம் இருக்கிறது சுரப்பியும் தொங்கின தோலும். ஓடினாலும் கரையாது, பட்டினி கிடந்தாலும் கரையாது. நிறைய ஆம்பளைங்களுக்கு இருக்கு, வெளியில சொல்றதில்லை. ஆபத்து ஒண்ணும் இல்லை. இது வேண்டாம்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

புஷ்-அப்பைப் பற்றி மாஸ்டர் கேட்டார். அடியில் இருக்கிற தசை வளர்ந்து இதை இன்னும் வெளியே தள்ளும் என்றார் டாக்டர். அப்படியென்றால் எடுக்கச் சொன்னவன் என்று மாஸ்டர் இழுத்தபோது, தெரியாமல் சொல்லியிருப்பார் என்றார்.

மறுநாள் மேசையில் துணியை விரித்துக்கொண்டே இதையெல்லாம் எனக்குச் சொன்னார் மாஸ்டர். "தெரியாதவன் சும்மா இருக்கணும்" என்றார். சாக்பீஸ் அவர் கையில் இரண்டாக உடைந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது, சில வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் மச்சான் எங்கள் கடைப் படி ஏறினார். இரண்டாவது ஜிம் திறக்கப் போகிறாராம். திறப்பு விழாவுக்குக் கருநீலத்தில் ஒரு கோட்டு வேண்டும், மார்பு எடுப்பாகத் தெரிய வேண்டும். "நல்லா பண்ணுங்க சிஸ்டர்" என்று முதலாளி, நான், பட்டனுக்குக் காஜா எடுப்பவர் எல்லோர் காதிலும் விழச் சொன்னார். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டரின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. டேப்பை எடுத்து மச்சானின் மார்பைச் சுற்றிப் போட்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று மட்டும் சொன்னார்.

தட்டையான துணியில் உடம்பின் மேட்டுக்கு இடம் கொடுக்க, மடித்துப் பிடித்து ஒரு தையல் போடுவோம். அதற்கு டாட் என்று பெயர். பெண்கள் உடையில் மார்புக்கு நேராக முனை வரும்படி பிடிப்பார்கள். ஆண்கள் கோட்டில் டாட் வேறு மாதிரி, கண்ணுக்கே தெரியாது. மாஸ்டர் தொழில் பழகியது ஒரு லேடீஸ் டெய்லரிடம்.

அரைகுறையாகத் தைத்துப் போட்டுப் பார்த்தபோது கோட்டு கச்சிதமாக இருந்தது. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து மச்சான் திருப்தியாகப் போனார். அவர் போன பிறகு, நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், மாஸ்டர் முன்பக்கத்து இரண்டு துண்டுகளையும் பிரித்தார். துணியைக் கொஞ்சம் தாராளமாக விட்டு, உள்ளே வைக்கிற விறைப்புத் துணியை உருண்டைத் தலையணைமேல் போட்டு, ஆவியில் வளைத்து வளைத்துத் தேய்த்தார். பிறகு சாக்பீஸால் கோடு போட்டு என்னிடம் தந்தார். நான் அந்தக் கோடுகளின் முனையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

"தைங்க" என்றார்.

தைத்தேன். என் வாழ்நாளில் போட்ட நல்ல தையல்களில் அதுவும் ஒன்று.

கையைத் தொங்கவிட்டுச் சும்மா நின்றால் ஒன்றும் தெரியாது. தோளைப் பின்னால் இழுத்து மார்பை நிமிர்த்தினால் போதும், இரண்டும் முட்டிக்கொண்டு எழும். மார்பை நிமிர்த்தாமல் நிற்கத் தெரியாத மனிதர் மச்சான்.

திறப்பு விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கோட்டை மாஸ்டர் விழா வாசலில்தான் கொடுத்தார்; கண்ணாடி பார்க்க நேரமில்லாமல் மச்சான் அவசரமாக மாட்டிக்கொண்டார். மேடையில் ரிப்பன், மைக், வெளிச்சம். மச்சான் மேடையேறி மார்பை நிமிர்த்தினார். முதலில் பார்த்தது முன்வரிசையில் ஒரு சிறுமி; அம்மாவின் இடுப்பில் இடித்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் ஒரு முணுமுணுப்பு ஓடியது. போன்கள் எழுந்தன. அன்று மாஸ்டரைத் தாஜா செய்து சட்டையைக் கழற்றவைத்தவர்களில் ஒருவன், "ரெண்டாவது சிஸ்டர் வந்தாச்சு" என்றான்; அவனைச் சுற்றி நாற்காலிகள் குலுங்கின. எல்லாம் தன் பேச்சுக்குக் கிடைத்த ஆரவாரம் என்று நினைத்து மச்சான் இன்னும் நிமிர்ந்தார், இன்னும் பக்கவாட்டில் திரும்பினார்.

மாஸ்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சிரிக்கவில்லை. பசித்தவன் சாப்பிடுவதுபோல, ஒரு பருக்கை சிந்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி.

"இது டாட்தானே?" என்று அவள் கேட்டாள்.

"ம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு அது அண்ணன்.

மறுநாள் காலை கடை திறந்த கையோடு மச்சான் வந்தார். கோட்டை உள்பக்கமாகப் புரட்டி மேசைமேல் போட்டார். லைனிங்கைக் கிழித்துப் பார்த்திருந்தார்.

"இது என்ன?"

"டாட்."

"ஆம்பளை கோட்டுலயா?"

"மார்பு எடுப்பா தெரியணும்னு நீங்கதானே கேட்டீங்க மச்சான்."

"ஊரே சிரிச்சது."

மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நானும்தான் சிரிச்சேன். சேர்ந்து சிரிச்சிட்டா வலிக்காதுன்னு நினைச்சேன். வலிச்சது. உங்களுக்கு எப்படி?"

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன். நீ திட்டம் போட்டுப் பண்ணியிருக்கே."

"ஆமா" என்றார் மாஸ்டர். "நான் விளையாட்டுக்குப் பண்ணல."

மச்சான் கையை ஓங்கினார். நாங்கள் எழுந்தோம். ஓங்கிய கை கோட்டை அள்ளிக்கொண்டு வெளியே போயிற்று.

முதலாளி நல்ல மனிதர்தான். வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த துணியில் பழி தீர்க்கிறவனை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டார். அது நியாயம் என்று மாஸ்டரும் ஒப்புக்கொண்டார். தன் கத்தரிக்கோலையும் டேப்பையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு வசவோடு போயிற்று. கோட்டு தைக்க வேறு ஆள் இல்லை.

ஆபரேஷன் குறித்த நாளில் நடந்தது. காம்பைச் சுற்றிய கறுப்பின் ஓரத்தில் சின்னதாகக் கீறி உள்ளிருந்ததை எடுத்தார்கள். வீக்கம் வடிய நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிற உள்சட்டை ஒன்றைச் சில வாரங்களுக்குப் போட்டார்கள். நான் பார்க்கப் போனபோது அந்தச் சட்டையின் தையலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். எடுத்ததைப் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தாராம். வெளிறிப்போய், ரப்பர் மாதிரி, ஒரு கைக்குள் அடங்கும் அளவு. "இதையா இத்தனை நாளும் சுமந்தேன், நல்லா வேணும் இதுக்கு" என்று அதையும் திட்டினார்.

இப்போது தன் வீட்டு முன்னறையில் ஒற்றை மெஷின் போட்டுத் தைக்கிறார். அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார், உள்ளே பனியனும் இல்லை. கோட்டின் கதை அவரைக் கெடுத்துவிடும் என்று நினைத்தோம். அதுவே ஆட்களைக் கொண்டுவந்தது. ஒருவர் வந்து, என் மாமனாருக்கு அதே மாதிரி ஒன்று தைத்துத் தர முடியுமா என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

புது ஜிம் நடக்கிறது. ஆனால் சிஸ்டர் என்ற பெயர் இப்போது மச்சானிடம் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொன்ன ஒருவனை வேலையைவிட்டு அனுப்பினார். அதன் பிறகு சொல்லாதவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். மாமியார் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பார்த்தார். இருவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

மனைவி ஒருநாள் கேட்டிருக்கிறாள், அண்ணன் பாவம் இல்லையா என்று.

"பாவம்தான்" என்றார் மாஸ்டர்.

"அப்ப ஒரு வார்த்தை பேசலாம்ல?"

"பாவம்னுதான் சொன்னேன். போதும்னு சொல்லலை."

அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. விடுமுறை நாளில் அவள் மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். மாஸ்டர் அவளைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்குகிறார். அங்கே என்ன பேசினார்கள் என்று அவர் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.