பெரிய சேர் வாறா

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மௌத்தை, மரணச் செய்தியை, அறிவித்தார்கள். காலஞ்சென்ற ஒருவரின் மகள், ஒரு வியாபாரியின் மனைவி, மூன்று பிள்ளைகளின் தாய் என்று வரிசையாகச் சொன்னார்கள். "ஆரு மௌத்து?" என்று மனைவி குசினியிலிருந்து கேட்டாள். "தெரியா, ஆரோ ஒரு பொம்புள" என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்ன சேர், ஜெமீலா டீச்சர்ர மையித்து வீட்டுக்கு வரல்லயா?" என்று கேட்ட பிறகுதான் விளங்கியது. அந்த டீச்சரோடு பதினொரு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான். பெண்களின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வது நம் ஊர் வழக்கமில்லைதான். ஆனாலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரை அறிந்த உங்களுக்குப் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. எனக்கே இன்னும் விளங்காத ஒன்றைத்தான் சொல்கிறேன்.

சூறாவளி வீசிய வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரை போனது. தலைமையாசிரியரான அதிபரும் மாற்றலாகிப் போனார். மூத்த ஆசிரியர் என்ற முறையில் ஜெமீலா டீச்சர் தற்காலிகமாகப் பதில் அதிபரானார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கூரைத் தகரம் கேட்டுக் கல்முனைக்கும் அம்பாறைக்கும் பஸ்ஸில் அலைந்தார். அரசாங்க அலுவலகமான ஒரு கந்தோரில், "ஒரு ஆம்புளய அனுப்புங்க" என்றார்களாம். "கூர வந்து சேரட்டும், மறுகா அனுப்புறன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாம் நாள் தகரம் வந்து இறங்கியது.

நம் பள்ளிகளில் ஆண் ஆசிரியர் சேர், பெண் ஆசிரியர் டீச்சர். அதிபர் என்றால் பெரிய சேர். அதிபர் பெண்ணாக இருந்தால் எப்படிச் சொல்வது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அவர் விறாந்தையில் வருவதைக் கண்டதும், "டேய், பெரிய சேர் வாறா!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். சேர் ஆண், வாறா பெண். ஆசிரியர் அறையில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இலக்கணம் படிப்பித்தவர் அவர். "எழுவாயும் பயனிலையும் ஒத்துவரல்லதான். ஆனா புள்ளையள் கண்டதத்தானே சொல்லுதுகள்" என்றார். கோபப்பட்டாரா, மகிழ்ந்தாரா? எனக்கு அன்றும் பிடிபடவில்லை.

நிரந்தர அதிபரை நியமிக்கும் வேளை வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். ஒரு ஹாஜியார் மிகுந்த மரியாதையோடுதான் பேசினார். "டீச்சர் நம்மட புள்ளையளுக்கு உம்மா மாதிரி. உம்மாவக் கந்தோர் கந்தோரா அலைய விடலாமா?" எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் அலைந்து கொண்டுவந்த தகரத்துக்குக் கீழே இருந்துகொண்டு நானும் ஆட்டினேன். புகழ்ச்சி போல இருந்த பேச்சுக்கு எப்படி மறுப்புச் சொல்வது?

மறுநாள் டீச்சரே விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். என்னைவிட எட்டு வருடம் சேவையில் மூத்தவர். "ஒங்கட பேரத்தான் சொல்றாங்க. கையெழுத்து வைங்க சேர்" என்றார். ஒரு கிழமை யோசித்துத்தான் வைத்தேன் என்று உங்களில் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்த இடத்திலேயே, அவருடைய பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.

நான் அதிபராக இருந்த காலமெல்லாம் அவர் முகம் கோணவில்லை. என் கடிதங்களைத் திருத்தித் தந்தார். விரும்பித்தான் விட்டுக்கொடுத்தார் என்று சில நாள் நினைப்பேன். வேறு வழியில்லாமல் விட்டார் என்று சில நாள் நினைப்பேன். பெண்கள் விட்டுக்கொடுப்பதையே பார்த்துப் பழகியதில், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரேயொரு வாக்கியம். அவர் ஓய்வுபெற்ற நாளில், தேநீர் விருந்தின்போது, பக்கத்தில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்: "டீச்சர், அந்த அதிபர் வேல ஒங்களுக்கு விருப்பமா இருந்திச்சா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "இத அண்டைக்குக் கேட்டிருந்தா, மறுமொழி வெச்சிருந்தன் சேர்."

என்ன மறுமொழி என்று அப்போதாவது நான் கேட்டிருக்கலாம். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க டீச்சர்" என்றேன்.