பண்டத்தரிப்பில் ஒரு புகையிலைக் குடிலும் நான் சொல்லாமல் விட்டதும்

பங்குனியில் பல்கலைக்கழக விடுமுறை வந்ததும் யாழ்ப்பாணம் போனேன். படிக்கும் காலத்தில் என்னோடு விடுதி அறையில் இருந்த சுகிர்தா, "புகையிலை வெட்டு முடியுது, வாரும், பாக்கலாம்" என்று கூப்பிட்டிருந்தாள். இந்தப் பதிவை இரண்டு தரம் பாதி எழுதி அழித்துவிட்டேன். பார்த்த இடங்களை மட்டும் எழுதினால் பொய் சொன்னதுபோல் இருக்கும்.

கொழும்பில் பஸ் ஏறி விடியற்காலை யாழ் நகரில் இறங்கினேன். அங்கிருந்து பண்டத்தரிப்புக்குப் பதினைந்து கிலோமீற்றர் அளவு இருக்கும். மினிபஸ்ஸில் போனால் மலிவு. பை கனமென்று சோம்பல்பட்டு ஆட்டோ பிடித்தேன். 2,500 ரூபா கேட்டவர் 2,000க்கு இறங்கினார். பெயர் ரவி. என்ன வேலை என்று வழியில் கேட்டார்.

திண்ம எரிபொருளும் ராக்கெட்டுக்குப் போடும் உந்துபொருளும் எந்த வேகத்தில் எரியும், வெப்பக் கதிர்வீச்சு அந்த வேகத்தை எப்படி மாற்றும் என்று படிப்பிப்பவள் நான். (கதிர்வீச்சு என்றதும் அணுகுண்டை நினைக்காதீர்கள். அடுப்புக்கு முன்னால் நின்றால் முகத்தில் அடிக்கிற வெக்கைதான்.)

"அப்ப நீங்கள் ராக்கெட் ரீச்சரோ, அக்கா?" என்றார் ரவி. சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தோம்.

சுகிர்தாவின் கணவர் தயாபரன் அண்ணை நேரே குடிலுக்குக் கூட்டிப்போனார். மண்சுவர், ஓலைக் கூரை. உள்ளே புகையிலையைத் தொங்கவிட்டு, கீழே குழியில் தேங்காய்ப் பொச்சை, அதாவது உரித்த மட்டையை, கனலவைத்துப் புகை போடுவார்கள். ஆனால் இந்தக் குடிலின் உட்சுவர் கண்ணாடிபோல் மினுங்கியது.

"வீட்டுக் கூரைக்கு அடிச்சு மிஞ்சின சில்வர் தாள். சுத்திவர அடிச்சுவிட்டன், வெக்கை வெளியாலை போகாது," என்றார். "முந்தநாள் இலை தொங்கவிடாமல் வெறும் பொச்சுப் போட்டுப் பாத்தன். முந்தி அரைநாள் புகையிற பொச்சு ரெண்டு மணித்தியாலத்திலை சாம்பல்! இலை கெதியாப் பதமாகும்."

அவர் சந்தோஷப்பட்ட இடத்தில்தான் எனக்கு ஆபத்துத் தெரிந்தது. கனலும் பொச்சு நாலாபக்கமும் வெக்கையை வீசும். மண்சுவர் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். மினுங்கும் தாள் வாங்காது, திருப்பி அனுப்பிவிடும். திரும்பிய வெக்கையில் பொச்சு இன்னும் வேகமாக எரியும், இன்னும் கூட வீசும், அதுவும் திரும்பும். ஊர்க்கதை மாதிரித்தான், போனதைவிடக் கூடி வரும். ஒரு கட்டத்தில் புகை போய்ச் சுவாலை எழும். உந்துபொருளில்கூட, கதிர் உள்ளே ஊடுருவி அடியில் பற்றவைக்காமல் இருக்கக் கொஞ்சம் கரித்தூள் கலப்பார்கள். இதையெல்லாம் சொல்லி மாணவர்களை மணிக்கணக்காக வதைப்பவள் நான்.

"அண்ணை, இந்தத் தாள்..." என்று தொடங்கினேன். சுகிர்தா குறுக்கே விழுந்து சிரித்தாள்.

"ஐயோ, வந்த இடத்திலையும் லெக்சர் துவங்காதையும். சோறு ஆறுது."

அவரும் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். குத்தரிசிச் சோறு, சுறா வறை, கத்தரிக்காய்ப் பால்கறி. சாப்பிடும்போது எனக்கு நானே சமாதானம் சொன்னேன்: விருந்தாளி நான், அவருக்கு எத்தனை வருட அனுபவம், பின்னேரம் ஆறுதலாகச் சொல்லலாம். தயாபரன் அண்ணை இலையைத் தொங்கவிட்டுப் பொச்சுக்கு நெருப்பு வைக்க, நானும் சுகிர்தாவும் ரவியைத் திரும்பக் கூப்பிட்டு அவருடைய ஆட்டோவில் மாதகல் கடற்கரைக்குப் போனோம். போய்வர 1,000 ரூபா.

கரையில் கால் நனைத்தபடி சுகிர்தா கதைத்துக்கொண்டே இருந்தாள். மார்கழி மழையில் முதல் நடுகை அழுகிப் போனது, மறுபடி நட்டுக் கன்றுகன்றாகக் குடத்தால் தண்ணீர் ஊற்றியது அவள்தான். "இந்த இலையை நம்பித்தான் எங்கடை வருசம் ஓடுது," என்றாள். அந்த நேரம் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகம் தெளிவாக இருந்தது, கெடுக்க மனம் வரவில்லை. இப்போது நினைத்தால் என்னையே அறையலாம்போல் இருக்கிறது.

திரும்பும்போது தூரத்தில் பார்த்துவிட்டு ரவி வேகத்தைக் குறைத்தார். "அக்கா, உது புகையில்லை. உது நெருப்பு."

நாங்கள் போய்ச் சேரும்போது குடிலின் கூரை விழுந்துவிட்டிருந்தது. அயலவர்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, இலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. சுகிர்தா அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சுகிர்தாவும் பக்கத்தில் நிற்க, தயாபரன் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தெரிந்தும் சொல்லாமல் போனதையும். கரி பிடித்த கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார். "நீங்கள் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டன். மனசைப் போட்டு உழப்பாதையுங்கோ."

போகிறவர்களுக்கு: மாசி, பங்குனியில் போனால் குடில்கள் புகைவதைப் பார்க்கலாம். வீட்டுக்காரரைக் கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள். பழைய உடுப்பே நல்லது, இரண்டு தரம் தோய்த்தாலும் மணம் போகாது. மாதகலுக்கு வெயில் தணிந்த பிறகு போங்கள், தொப்பி கட்டாயம். உங்களுக்குத் தெரிந்த ஆபத்து எதையாவது கண்டால், மரியாதை பார்க்காமல் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மறுநாள் பஸ் நிற்கும் இடம்வரை சுகிர்தா கூடவே வந்தாள். பஸ் வந்ததும் என் பையைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"அவர் கேட்டிருக்கமாட்டார், அது உண்மைதான்," என்றாள். "மாதகலிலை அவ்வளவு நேரம் என்னோடைதானே இருந்தனீர். என்னட்டைச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பன்."