தோணிக் கட்டிலில் என் அக்கா

என் அக்காவுக்கு உடம்பு தேறிக்கொண்டு வந்தது. எனக்குத் தூக்கம் கெட்டது அதனால்தான்.

பத்து வருஷமாக அவளுக்கு முடக்குவாதம். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. எங்கள் வீடு மாடியில். இரண்டு தடவை குளியலறையில் விழுந்தாள். இரண்டாம் தடவை தூக்கப் போன நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே விழுந்தேன். கீழ்வீட்டுக்காரர்கள் வந்து இருவரையும் பொறுக்கி எடுத்தார்கள். அதன்பிறகுதான் தூத்துக்குடியில் தீராத நோயாளிகளுக்கென்று இருக்கும் தர்ம ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு கட்டில் கிடைத்தது. அது போனால் மறுபடி அந்த மாடி, அந்தக் குளியலறை, என் இடுப்பு.

ஆஸ்பத்திரிக்கு நூறு வயதுக்கு மேல். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு கட்டிலுக்குச் சந்தா கொடுத்த வெள்ளைக்காரத் துரைசானிகள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, தங்கள் கட்டிலில் கிடக்கும் நோயாளியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வருஷத்துக்குச் சம்மதிப்பார்களாம். துரைசானிகள் கப்பலேறிப் போய்விட்டார்கள். பார்க்க வருகிற வழக்கம் மட்டும் போகவில்லை. அக்காவின் கட்டில் செலவைத் தாங்கியவர்கள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் ஒரு தோணியின் ஆட்கள். ஒவ்வொரு பயணத்திலும் கூலியைப் பிரிக்கும்போது கட்டிலுக்கும் ஓர் ஆள் பங்கு வைப்பார்கள். தலைமாட்டில் தோணியின் பெயரே எழுதியிருக்கும்.

கடல் கொந்தளித்துத் தோணி கரையில் கிடக்கும் மாதத்தில் பார்க்க வருவார்கள். அந்த வருஷம் அவர்கள் வருகிற நாளில் போய்ப் பார்த்தால், அக்கா கன்னம் உப்பி, பவுடர் பூசி, அடுத்த கட்டில்காரியோடு ஊர்வம்பு பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் காதருகே குனிந்தேன்.

“யக்கா, இப்படி இருந்தியன்னா, நல்லாத்தான இருக்கா, வீட்டுக்கு அனுப்புங்கன்னுருவாங்க. கொஞ்சம் முனங்கேன்.”

“உன் மூஞ்சியப் பாத்தாலே முனங்கல் வருதுலே. தனியா வேற முனங்கணுமா?”

ஈரத்துண்டால் பவுடரைத் துடைத்தேன். கால் மணி நேரம்தான் என்று கெஞ்சினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கண்ணை மூடி, வாயைப் பாதி திறந்து, ஒரு கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாள். நான் கேட்டது முனங்கல். அவள் செய்துகாட்டியதில் மூச்சு இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம்.

தோணியை நடத்தும் தண்டலும் ஐந்து ஆட்களும் உள்ளே வந்தார்கள். தண்டல் பார்த்தார். தோள் துண்டை எடுத்தார். சிலுவை போட்டு முழந்தாளிட்டார். பின்னால் ஐந்து பேரும் மடமடவென்று முழந்தாளிட, பயத்தில் நானும் முழந்தாளிட்டேன். சாகப்போகிறவர்களுக்கான செபம் கணீரென்று கிளம்பியது.

சத்தம் கேட்டு ஆஸ்பத்திரியை நடத்தும் மதர் ஓடிவந்தார். “காலையில ரெண்டு தோசை சாப்பிட்டாங்களே!”

“கடைசி நேரத்துல பசிக்கும் மதர்,” என்றான் ஒருவன். “எங்க பாட்டாவும் அப்படித்தான் சாப்பிட்டாவ.”

செபம் முடிந்ததும் தண்டல் எழுந்தார். “சாமியாருக்குச் சொல்லிவிடுங்க, கடைசியா அவஸ்தை எண்ணெய் பூசிரட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அடுத்து இந்தக் கட்டிலுக்கு யாரு காத்திருக்காங்க?”

நான் துள்ளி எழுந்தேன். “அண்ணாச்சி! அவ சாகல அண்ணாச்சி! நல்லா இருக்கா! நாந்தான் நடிக்கச் சொன்னேன்!”

நான் அளந்த எத்தனையோ பொய்களை இந்த ஊர் நம்பியிருக்கிறது. சொன்ன ஒரே உண்மையை ஒருவரும் நம்பவில்லை. தண்டல் என் தோளைத் தட்டினார். “மனசத் தேத்திக்கிடுங்க.”

“யக்கா! எந்திரிக்கா!”

ஒரு கண் மட்டும் திறந்தது. “ஏலே, கால் மணி நேரம் ஆயிட்டா?”

இரண்டு பேர் சுவர் வரைக்கும் பின்வாங்கினார்கள். ஏமாற்றுக்காரக் குடும்பம் என்று இப்போதே கட்டிலைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள் என்று நான் மனதுக்குள் மாடிப்படியை எண்ணத் தொடங்கினேன். தண்டல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்காவின் விரல்களைப் பார்த்தார்.

“எப்படிம்மா இருக்க?”

“வலி இருக்கத்தான் செய்யுது அண்ணாச்சி. வெரலு ஒண்ணும் சொன்னபடி கேக்காது. ஆனா சிரிப்பு வருது, சோறு இறங்குது.”

“அதுதான வேணும்.” என் பக்கம் திரும்பினார். “ஏன் அண்ணாச்சி, இதுல முன்னால கிடந்த பெரியவரு செத்த வருசம் எங்க பயலுவ தோணி ஏறவே பயந்தானுவ. கட்டில்ல கிடக்கவங்க நல்லாருந்தா கடல்ல நாங்க நல்லாருப்போம்னு ஒரு நம்பிக்கை. இப்படியா எங்களப் பயங்காட்டுவிய?”

மதரிடம் சொன்னார்: “பங்கு எப்பவும் போல வரும் மதர். ஆனா அடுத்த வருசம் நாங்க வாரப்ப இவரு இங்கன நிக்கக்கூடாது.”

“நானும் அதைத்தான் சொல்லுதேன்,” என்றாள் அக்கா.

அவர்கள் போனபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏலே, எனக்குச் சாவு செபம் சொன்னாங்கள்லா, முடிக்கும்போது எல்லாரு சத்தத்துக்கும் மேல ஒரு ஆமென் கேட்டுச்சே. அது யாரு சத்தம்?”

செம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டிருந்தது. நான் குடித்துக்கொண்டே இருந்தேன்.