அறுந்த செருப்புக்கு ஆளில்லாத கடை

என் அப்பா வட்டாரத் தேர்தலில் ஜெயித்த அன்றுதான் எங்களுக்குச் சனி பிடித்தது. அதற்குமுன் அவர் பர்மாவில் லத்தா என்ற பேட்டையில் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். சாக்கடை அடைத்தாலும் கரண்ட் போனாலும் ஜனங்கள் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தைத்து முடிக்கும்வரை அவரிடம் புலம்புவார்கள். அவரும் மறுநாளே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார். அவர்கள்தான் அவரைத் தேர்தலில் நிறுத்தினார்கள். பர்மியர், சீனர், நம்மவர் எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள்.

பர்மியத் தலைப்பாகையும் பட்டு லுங்கியுமாக அப்பா கூட்டங்களுக்குப் போய் வந்தார். சாக்கடைகள் ஓடின. அடுத்த தேர்தலில் தோற்றார்.

தோற்றதற்கு அவர் கலங்கவில்லை. "கை இருக்குல்ல, தைப்போம்" என்று மறுநாளே பழைய இடத்தில் சாக்கை விரித்தார். ஜனங்களும் வந்தார்கள். 'ஸயா' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். செருப்பை மட்டும் யாரும் நீட்டவில்லை. காலில் கிடந்ததைப் பெரிய மனிதர் கையில் கொடுப்பதா? ஒரு பர்மிய அம்மாள் அறுந்த செருப்பைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு, ஒரு கால் வெறுங்காலாக நின்று நலம் விசாரித்ததை நானே பார்த்தேன்.

"குடுங்கம்மா, ரெண்டு தையல்தான்" என்றார் அப்பா.

"உங்ககிட்டயா ஸயா? எனக்குப் பாவம் வந்துரும்" என்று கும்பிட்டுவிட்டு, அடுத்த தெருக்காரரிடம் போய்விட்டாள்.

இந்த மரியாதையைக் கொண்டுபோய் உடைப்பில் போட என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா தினமும் பொழுது சாயும்வரை காத்திருந்துவிட்டு, பிரிக்காத கருவிப் பையோடு தின்கன்ஜூனில் இருந்த எங்கள் வீட்டுக்கு பஸ் ஏறி வருவார். பேச்சு குறைந்தது. பிறகு சோறும் குறைந்தது. மனுஷர் எங்கள் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் அரிவாள்மனை பக்கத்தில் கிடந்த கத்தியால் என் செருப்பு வாரை அறுத்து, அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"அறுந்துபோச்சுப்பா."

கரண்ட் இல்லை. போன் வெளிச்சத்தை நான்தான் பிடித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாரைத் திருப்பிப் பார்த்தார். வெட்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்காமல் நூலுக்கு மெழுகு தேய்த்துத் தைக்க ஆரம்பித்தார். அவ்வளவு மெதுவாக அவர் தைத்து நான் பார்த்ததில்லை. முடித்ததும் செருப்பை என் காலடியில் வைத்தார்.

"அடுத்த தடவ கத்திய எடுக்காத தாயி, கையில பட்டுரும். புடிச்சு இழுத்தாலே பிஞ்சுரும்."

சரிப்பா என்றேன்.